சோலையின் லோய்லிக்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
9 மார்ச் 1957

அன்புள்ள தம்பி சாமிக்கண்ணுவுக்கு அக்கா தனக்கொடி எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் பெண்சாதியும் ஏதோ இருக்கிறோம். அல்ஜீரியாவில் உன் பட்டாளம் இருக்கிற இடத்தில் குளிரும் குண்டும் உன்னை அண்டாமல் இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு இடது பக்கம் விழுந்தது விழுந்தபடிதான் கிடக்கிறது. பேச்சு மட்டும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. எனக்கு மில்லில் காலை ஷிப்டு. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க மனசு வருவதில்லை.

நீ சைகோனிலிருந்து வந்து இறங்கிய அன்றுதான் உனக்குக் கல்யாணம் ஆனதையே சொன்னாய். கொஞ்ச நாள் இருந்தாய். அவளை எங்களிடம் விட்டுவிட்டு மறுபடி கப்பலேறிவிட்டாய். சண்டை போடத் தெம்பில்லாமல் நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். எதை எடுத்தாலும் ஒரு வார்த்தை சொல்கிறாளே, லோய்லிக், லோய்லிக் என்று, அது என்ன? வசவா?

போன வாரம் அப்பாவுக்குத் திப்பிலி வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். சக்கரபாணியின் நாட்டு மருந்துக் கடை உனக்குத் தெரியும். திப்பிலியைக் கையில் எடுத்து முகர்ந்தாள். ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். அதை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "லோய்லிக்?" என்றாள். அவர் விழித்தார். இவள் மறுபடியும் கேட்டாள்.

"இன்னாம்மா இது, சைகோன்ல இப்படித்தான் திட்டுவாங்களா? வாங்கறதுன்னா வாங்கு, இல்லாட்டி வெச்சிட்டுப் போயிக்கினே இரு!" என்று அவர் கத்தினார்.

சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. திப்பிலி வாங்காமலே வந்துவிட்டோம். தெருவில் அவளைச் சோலை என்று கூப்பிடுகிறார்கள். பெயர் சரியாக வாயில் நுழையவில்லை. அவளும் திருத்துவதில்லை. அந்த வார்த்தைக்கு அர்த்தம் எழுது. அது கெட்ட வார்த்தையானால் நான் அவள் வாயை அடக்க வேண்டும்.

அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.
உன் அக்கா,
தனக்கொடி

*

ஓரான் முகாம், அல்ஜீரியா
2 மே 1957

அக்காவுக்கு உன் தம்பி சாமிக்கண்ணுவின் வணக்கம். கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. தூக்கம்தான் குறைவு. அப்பாவை மெத்தையில் புரட்டிப் போடும்போது முதுகைப் பார்த்துக்கொள், புண் வைத்துவிடும்.

அது வசவு இல்லை அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்து ரொம்ப நாளாகிறது.

அவள் பெயர் சௌலான். ஊரில் சைகோன்காரி என்பார்கள், ஆனால் அவள் சீனப் பெண். சைகோனை ஒட்டிச் சோலோன் என்று சீனர்கள் ஊர் ஒன்று உண்டு. அவள் அப்பாவுக்கு அங்கே மருந்துச் சரக்குக் கடை. வேர், பட்டை, காய்ந்த பழம், மான் கொம்பு. அந்தத் தொழிலில் ஒரு வேரைக் கையில் எடுத்தால் முதலில் கேட்பது விலை இல்லை, லோய்லிக். லோய் என்றால் வருவது. லிக் என்றால் கடந்து போவது, நேரில் அனுபவிப்பது. இரண்டும் சேர்ந்தால், இது எங்கே பிறந்தது, யார் தோண்டினார்கள், எந்த வழியாக வந்தது, யார் யார் கை மாறியது, எல்லாம்.

நம்முடைய பூர்வீகம் என்ற சொல் போதாதா என்று நீ கேட்பாய். போதாது. பூர்வீகம் ஒரு ஊரோடு நின்றுவிடும். ஆற்றுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவும் அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது. லோய்லிக்கில் வந்த வழி முழுவதும் அடக்கம்.

நான் முதலில் அந்தக் கடைக்குப் போனது கால் புண்ணுக்கு மருந்து கேட்டு. சீருடையில் நின்றேன். உள்ளே இருந்த பெண் தன் அம்மாவிடம் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அதில் இந்தச் சொல் இருந்தது. எனக்குப் புரியாது என்று நினைத்துத்தான் சொன்னாள். அப்புறம் வாராவாரம் எனக்குக் கால் புண் வந்துகொண்டே இருந்தது.

சக்கரபாணியிடம் சொல், சரக்கு எந்த ஊர் என்றுதான் கேட்கிறாள் என்று. சொல்லிவிட்டால் அவள் பேரம் பேச மாட்டாள்.

இங்கே ஒலிவ மரங்கள் பூத்திருக்கின்றன. அப்பா காலைத் தொட்டதாகச் சொல்.
சாமிக்கண்ணு

*

நெல்லித்தோப்பு
20 ஜூலை 1957

தம்பிக்கு அக்காவின் அன்பு. நீ தூக்கம் குறைவென்று எழுதியது மனசில் கிடக்கிறது. படுக்கும் முன் கால் கழுவிக்கொண்டு படு. இங்கே வெயில் இன்னும் தணியவில்லை, அப்பா விசிறியை விடுவதில்லை.

நீ எழுதியதைச் சக்கரபாணியிடம் சொன்னேன். மனுஷன் முகம் மாறிவிட்டது. "இத்தினி வருசத்துல ஒருத்தரும் எங்கிட்ட இதக் கேட்டதில்லம்மா" என்றார். இப்போது இவளைத் தூரத்தில் பார்த்தாலே, "லோய்லிக் அம்மா வந்துட்டாங்க, சீனாக்காரங்க வார்த்தை அது, தெரியுமா?" என்று பக்கத்துக் கடைக்கெல்லாம் விளம்பரம். மிளகு குடகு, சுக்கு கொச்சி என்று கேட்கும் முன்னாலேயே ஒப்பிக்கிறார். மீன் விற்கிற கொளஞ்சிகூட அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் பறங்கிப்பட்டையை எடுத்துக் காட்டினார். இவள் வாங்கி உடைத்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். இங்கே வந்து அவள் சிரித்தது அன்றுதான். "இது எங்க வேர். சீனா. கொண்டு வந்தது பறங்கி. பேரு மட்டும் பறங்கிக்கு!" என்று பாதித் தமிழும் பாதிக் கையுமாகச் சொன்னாள்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மில்லில் பெண்கள் என்னைப் பிடுங்குகிறார்கள். பட்டாளத்துக்காரன் சைகோனில் எங்கே போய்ப் பெண் எடுத்திருப்பான், எந்த மாதிரி வீடு என்று. ஒரு நாள் அலுத்துப்போய் வந்தேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவளிடம், அவள் வார்த்தையிலேயே கேட்டுவிட்டேன். "உன் லோய்லிக் இன்னா?"

தட்டைக் கீழே வைத்தாள். கொல்லைப்புறம் போய் உட்கார்ந்தாள். அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. அப்பாவுக்கு வேண்டியதை மட்டும் குறைவில்லாமல் செய்கிறாள். நான் என்ன தப்பாகக் கேட்டேன்? திப்பிலிக்குக் கேட்கலாம், மனுஷிக்குக் கேட்கக் கூடாதா?

பதில் போடு.
தனக்கொடி

*

ஓரான் முகாம்
11 நவம்பர் 1957

அக்காவுக்கு, உன் கடிதம் மலைப்பக்கம் போயிருந்தபோது வந்து காத்திருந்தது. அதனால்தான் தாமதம். மழைக்காலம் தொடங்கியிருக்கும். வீட்டு ஓடு மாற்றினாயா? அப்பாவின் கட்டிலுக்கு மேலே ஒழுகும் இடம் இருந்ததே.

கேட்கக் கூடாது அக்கா. சரக்குக்குத் தாராளமாகக் கேட்கலாம். ஆளுக்குக் கேட்டால் வேறு அர்த்தம். சந்தேகப்பட்டவனைப் பற்றித்தான், அதுவும் அவன் முதுகுக்குப் பின்னால்தான், இவன் லோய்லிக் என்ன என்பார்கள். லோய்லிக் பாத்மிங் என்றால் வந்த வழி தெரியாதவன், திருடனாக இருக்கலாம் என்று பொருள். பொலீஸ்காரன் பேச்சு அது. அதையே நல்லதாகவும் சொல்லலாம். யௌ லோய்லிக், லோய்லிக் உள்ளவர் என்றால் பெரிய மனிதர், சும்மா வந்தவர் இல்லை என்று மரியாதை. ஒரே சொல்தான், எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

நீ அவள் முகத்துக்கு நேரே கேட்டது, எந்தச் சாக்கடையிலிருந்து வந்தாய் என்று கேட்ட மாதிரி. உனக்குத் தெரியாது. குற்றம் உன்னுடையது இல்லை.

ஒரு குவளை தேயிலைத் தண்ணீர், பால் விடாமல், இரண்டு கையாலும் பிடித்துக் கொடு. ஒன்றும் பேச வேண்டாம். அவர்களிடத்தில் மன்னிப்பு அப்படித்தான்.

அவள் நல்ல குடும்பத்துப் பெண். மேரியில், நகரசபை ஆபீஸில், பதிந்து கட்டினேன். மில் பெண்களிடம் அதைச் சொல். மற்றது பிறகு எழுதுகிறேன்.
சாமிக்கண்ணு

*

நெல்லித்தோப்பு
3 மார்ச் 1959

தம்பி சாமிக்கண்ணுவுக்கு. தந்தி உனக்குக் கிடைத்ததா என்று தெரியவில்லை. அப்பா மாசி பிறந்ததுமே போய்விட்டார். நீ தேக சௌக்கியத்தோடு இரு. அதற்கு மேல் எழுத வரவில்லை, எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

கடைசியில் கஷ்டப்படவில்லை. கஞ்சி கேட்டார். சோலை கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு அவள் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடினார். ஒரு காலத்தில் அவள் தொட்ட தண்ணீரைக் குடிக்காதவர். நீ இல்லாததால் சித்தப்பா மகன் கன்னியப்பன் கொள்ளி வைத்தான். எல்லாரும், "மவன் எங்கே, மவன் எங்கே?" என்றார்கள். பட்டாளத்துச் சொல்தாவுக்கு லீவு கிடைக்காது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

காரியம் முடிந்த பிறகு ஒன்று நடந்தது. அறை மூலையில் சிவப்புக் காகிதம் ஒன்றை ஒட்டி வைத்து அதன் முன்னால் தினம் ஒரு குச்சி ஊதுபத்தி ஏற்றுவாளே, அதற்குப் பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னாள்.

"அக்கா, அப்பா லோய்லிக் சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. நீ எழுதியதை நான் மறக்கவில்லை. செத்த மனுஷனை இவள் இழிவாகக் கேட்கிறாளா? ஆனால் அவள் கண்ணில் நீர் நின்றது. அதனால் உனக்கு எழுதிக் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன். இறந்தவரைப் பற்றிக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? உனக்குத்தான் தெரியும்.

மில்லுக்கு நாளையிலிருந்து போக வேண்டும். உடம்பெல்லாம் ஈயம் ஊற்றின மாதிரி இருக்கிறது.
அக்கா

*

துலேம்சென், அல்ஜீரியா
14 ஜூலை 1959

அக்காவுக்கு. அப்பா போனது பற்றி என்ன எழுதுவது. தந்தி கிடைத்தபோது கொள்ளி வைத்து முடிந்திருக்கும் என்று தெரிந்தது. நீ தனியாகச் சுமந்தாய். உடம்பைப் பார்த்துக்கொள், இரும்புச் சத்துக்கு முருங்கைக்கீரை சாப்பிடு.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். இறந்தவரைப் பற்றிக் கேட்பது இழிவில்லை, நேர் எதிர். ஒருவர் போனபின் அவர் எங்கே பிறந்தார், எந்தெந்த வீட்டில் இருந்தார், என்ன வேலை செய்தார், எந்தக் கஷ்டத்தைத் தாண்டினார் என்று வீட்டார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். சோலோனில் அவர்கள் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். அவளுடைய பாட்டன் தெற்குச் சீனாவிலிருந்து பஞ்ச காலத்தில் சரக்குப் படகில் ஒளிந்து வந்ததை வருஷத்தில் ஒரு நாள் சோறு படைத்துவிட்டுச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, அவர்கள் தூங்கி வழிந்தாலும் எழுப்பிக் கேட்க வைப்பார்கள். பெரியவர் சொன்னதில் ஒரு ஊர்ப் பெயர் விட்டுப்போனால் மாமியார் திருத்துவாள். அந்தச் சிவப்புக் காகிதத்தில் இறந்துபோனவர் பெயரை எழுத வேண்டுமானால் எழுதுகிறவருக்கு அந்தப் பெயரின் லோய்லிக் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எழுதினால் வெறும் மை. நம் அப்பா பெயரை அவள் தன் வீட்டாரோடு எழுத நினைக்கிறாள் என்று நினைக்கிறேன்.

சொல்லிக் கொடு. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.
சாமிக்கண்ணு

*

நெல்லித்தோப்பு
22 செப்டம்பர் 1959

தம்பிக்கு. என் உடம்பு இருக்கிறது. உன் உடம்பு எப்படி என்று நீ எழுதவே இல்லை.

பெற்ற அப்பா போனதற்கு இரண்டு வரி எழுதினாய். ஒரு சீனச் சொல்லுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். முதலில் கடிதத்தைக் கிழித்துப்போட நினைத்தேன். பிறகு மறுபடி படித்தேன். நீ சிரமப்படாமல் எழுதக்கூடியது அது ஒன்றுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சோலையை உட்கார வைத்துச் சொன்னேன். நோணாங்குப்பத்தில் பிறந்தது, ஆற்றில் ஆட்களை அக்கரை சேர்க்கும் படகு தள்ளியது, வெள்ளத்தில் அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு இனித் தண்ணீர் வேண்டாம் என்று ஊருக்குள் வந்தது, மேரியில் சேவகனாக நின்றது, தன் பெயர் எழுதத் தெரியாதவர் உன்னைப் படிக்க வைத்தது. சொல்லச் சொல்ல எனக்கே மறந்துபோனதெல்லாம் ஞாபகம் வந்தது.  முடிந்ததும் காகிதத்தில் எழுதினாள்.

அப்புறம் நான் கேட்காமலே அவள் சொல்ல ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அதைக் கேட்டு வாங்க முடியாது. நம்முடையதைச் சொன்னால் அவர்கள் தங்களுடையதைச் சொல்வார்கள்.

துறைமுகத்தில் பட்டை மூட்டை இறங்குகிறது, நீ போய் லோய்லிக் விசாரித்து வாங்கி வா என்று அவள் அப்பா அனுப்பினாராம். அவள் போயிருந்தபோது சோலோனில் தெருச் சண்டை. கடைத்தெரு முழுவதும் தீ. திரும்பி வந்தபோது தெருவே இல்லையாம். காகிதத்தில் இருந்த பெயர்களைத் தொட்டுக் காட்டினாள். இது அப்பா. இது அம்மா. மூன்றாவது சின்னதாக ஒன்று. "இது யின்யின். எம் பொண்ணு. மூணு வயசு."

சாமிக்கண்ணு, உனக்கு ஒரு மகள் இருந்தாளா? அப்பா கடைசி வரைக்கும் பேரப்பிள்ளை பேரப்பிள்ளை என்றாரே. எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

அவள் உன்னைக் குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பதில் எழுது.
அக்கா

*

துலேம்சென்
8 ஜூன் 1960

அக்காவுக்கு. இவ்வளவு நாள் எழுதாததற்கு வேலை காரணம். நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

இங்கே வெயில் நம் ஊர் மாதிரியே அடிக்கிறது. ஆனால் வியர்ப்பதில்லை. புது பூட்ஸ் கொடுத்தார்கள், கடிக்கிறது. முகாமில் காரைக்கால் பையன் ஒருவன் புளி கொண்டு வந்திருந்தான், ரசம் வைத்தோம். புளி பழசு.

வேறு விசேஷம் இல்லை.
சாமிக்கண்ணு

*

நெல்லித்தோப்பு
5 நவம்பர் 1962

தம்பி சாமிக்கண்ணுவுக்கு. நான் போட்ட கடிதங்களுக்கெல்லாம் உன்னிடமிருந்து வருஷத்துக்கு ஒரு அட்டைதான் வருகிறது. அல்ஜீரியா முடிந்து நீ பிரான்சில் ஃபிரேழுஸ் முகாமில் இருப்பதைக் கன்னியப்பனின் சிநேகிதன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சௌக்கியமாக இருந்தால் சரி. இந்தக் கடிதத்துக்காவது விமானத் தபாலில் பதில் போட்டுவிடு.

இங்கே புதுச்சேரியை இந்தியாவோடு சேர்த்த ஒப்பந்தம் நடப்புக்கு வந்து, பிரஞ்சுக் குடியா இந்தியக் குடியா என்று ஊரே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்குள் வடக்கே சீனாக்காரனோடு சண்டை வந்துவிட்டது. ரேடியோவில் வேறு பேச்சில்லை. மில் வாசலில் உண்டியல் குலுக்குகிறார்கள். நானும் போட்டேன்.

போன வாரம் மார்க்கெட்டில் பொலீஸ் வந்து, இந்த ஊரில் சீனாக்காரர் யாராவது உண்டா என்று விசாரித்தார்களாம். பல் வைத்தியர் ஒருவர் இருந்தாரே, அவர் எப்போதோ போய்விட்டார். கும்பலில் யாரோ, "நாட்டு மருந்துக் கடைக்கு ஒரு அம்மா வந்து சீன பாஷைல கேப்பாங்களே" என்றிருக்கிறார்கள். சக்கரபாணியைக் கூப்பிட்டுக் கேட்டதும் அவர் பயந்துபோய் வீட்டு அடையாளம் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை ஊரெல்லாம் பரப்பியதே அவர்தான். அவரை மட்டும் சொல்வானேன், நானும்தான் அதைத் தினம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு கான்ஸ்டேபிள் வந்து போனார். இன்ஸ்பெக்டர் வெளியூர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், வந்ததும் கூப்பிட்டனுப்புவார் என்றார். சோலை பயப்படுகிற மாதிரி தெரியவில்லை. எனக்குத்தான் பயம். வடக்கே சீனாக்காரர்களைப் பிடித்து அடைக்கப்போகிறார்களாம். அவள் உன் பெண்சாதி. என்ன சொல்ல வேண்டும், சொல்லு.
தனக்கொடி

*

ஃபிரேழுஸ், பிரான்ஸ்
17 நவம்பர் 1962

அக்காவுக்கு. கடிதம் கண்டதும் எழுதுகிறேன். என் உடம்பைப் பற்றி இப்போது எதற்கு.

கவனமாகக் கேள். அவள் சைகோன்காரி, அன்னாமியப் பெண், அதாவது வியத்நாம்காரி என்று சொல்லிவிடு. ஊர் முழுவதும் அப்படித்தான் நினைக்கிறது. முகத்தைப் பார்த்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சோலோன் என்ற பெயரையே எடுக்க வேண்டாம். அந்த வார்த்தை சைகோனில் எல்லாரும் பேசுகிற வார்த்தை என்று சொல். அது பொய்கூட இல்லை, அன்னாமியர்களும் அதைக் கடன் வாங்கி லாய்லிச் என்பார்கள்.

மூலையில் இருக்கிற சிவப்புக் காகிதத்தை எரித்துவிடு. சீன எழுத்து வீட்டில் இருக்கக் கூடாது.

எனக்குப் பட்டாளத்து ஓய்வூதியம், பான்சியோன், வரப்போகிறது. இங்கே மலையடிவாரத்தில் சைகோனிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வீடு தருகிறார்கள். எல்லாம் அடங்கினதும் அவளை இங்கே அழைத்துக்கொள்ளலாம். நான் அங்கே வருவதென்பது இப்போதைக்கு ஆகாது. அவளைப் பார்த்துக்கொள்.
சாமிக்கண்ணு

*

நெல்லித்தோப்பு
4 டிசம்பர் 1962

தம்பிக்கு. நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருக்கிறோம், அதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ கலங்காதே.

உன் கடிதத்தைச் சோலைக்கு வாசித்துக் காட்டினேன். காகிதத்தை எரிக்கச் சொன்ன இடம் வந்ததும் எழுந்து போய் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். எரிக்கவில்லை. எனக்கும் எரிக்கக் கை வராது. அதில் நம் அப்பா இருக்கிறார்.

மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் கடலூர்ப் பக்கத்துப் பிள்ளை, வயசு குறைவு. தூங்கிப் பல நாள் ஆன முகம். உட்காரச் சொன்னார். "அம்மா சைகோன்காரங்கதானே? அப்படின்னா அப்படியே எழுதிக்கினு அனுப்பிடறேன். எனக்கும் வேலை மிச்சம்" என்றார். அவரே வழி காட்டினார். நான், "ஆமாங்க, சைகோனு" என்று தலையாட்டினேன்.

இவள், "இல்லிங்க" என்றாள்.

நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் சீனா. எங்க தாத்தா குவாங்துங். நான் பொறந்தது சோலோன். அப்பா மருந்துக் கடை. புருசன் இந்த ஊரு" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சு சொல்லுங்கம்மா" என்றார். இவள் மறுபடியும் அதையே சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தோன்றியதோ, "ஆமாங்க, அவ சொல்றதுதான் நெசம். என் தம்பி பெண்சாதி. எங்க அப்பாவ சாகற வரைக்கும் பாத்தவ. எதுனாலும் எம் பேர எழுதிக்குங்க, நான் பொறுப்பு" என்றேன். எழுதிக்கொண்டார். திங்கட்கிழமைதோறும் வந்து கைநாட்டு வைக்க வேண்டும், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, மறு உத்தரவு வரும்வரை. அவ்வளவோடு விட்டது அந்தப் பிள்ளையின் நல்ல மனசு. ஆக, உன் பிரான்சு வீட்டுக்கு அவளை இப்போது அனுப்ப முடியாது.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏண்டி அப்படிச் சொன்ன? ஒரு தலையாட்டல்ல முடிஞ்சிருக்குமேடி!"

நடந்துகொண்டே சொன்னாள். "அக்கா, யின்யினுக்கு சமாதி இல்ல. சர்டிபிகேட்டு இல்ல. கட, தெரு, ஒண்ணும் இல்ல. அவ எங்கருந்து வந்தான்னு சொல்ல நான் ஒருத்திதான். நான் வேற ஆளுன்னு எழுதிட்டா, அவ வரவே இல்லன்னு ஆயிடும்."



மார்க்கெட் வழியாக வந்தோம். சக்கரபாணி எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இவள் தலை குனியாமல் நடந்தாள். மீன் கடை தாண்டும்போது கொளஞ்சி சத்தம் போட்டாள். "யே சோலை! வஞ்சிரம் இன்னிக்கு நம்ம ஊரு இல்ல, கடலூரு. விடியல்ல எறங்கினது, லாரில வந்துச்சு. நீ கேக்காமப் போனா எனக்கு இன்னா மாதிரி இருக்குது?" இவள் நின்று, ஒரு துண்டு வாங்கினாள்.

சாமிக்கண்ணு, நான் மூன்று வருஷத்துக்கு முன் கேட்டதற்கு நீ பூட்ஸ் கடிக்கிறது என்று எழுதினாய். இனி நான் அதைக் கேட்க மாட்டேன். கேட்டு வருவதில்லை அது. ஆனால் அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருத்தி திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனில் போய் நிற்கிறாள். எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது. படுக்கப் போகிறேன்.
அக்கா தனக்கொடி

*

ஃபிரேழுஸ்
18 டிசம்பர் 1962

அக்காவுக்கு வணக்கம். இந்தக் கடிதம் உனக்கு இல்லை. அவளுக்கு வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி.

சௌலான்,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. உன் பாஷையில் எழுத எனக்குத் தெரியாது. என் பாஷையைப் படிக்க உனக்குத் தெரியாது. அதையே சாக்காக வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உனக்குத் தெரியாதது. நீ குளிக்கப் போகும்போது அவளை என்னிடம் விட்டுப் போவாய். நான் கடைக்குள் தூக்கிக்கொண்டு போவேன். உன் அப்பா அதிமதுரக் குச்சி ஒன்றைக் கொடுப்பார். அவள் அதை முழுக்கச் சப்பிவிட்டு, நார் நாராகப் போன குச்சியை என் வாயில் வைத்து, நீ சாப்பிடு என்பாள். தமிழில் சொல்வாள். நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். நான் அவளைக் குருவி என்று கூப்பிட்டால், பா என்பாள். அவள் பெயருக்கும் குருவி என்றுதான் அர்த்தம் என்று நீதான் எனக்குச் சொன்னாய்.

இதை நான் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போது பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவன் என்னைப் பார்க்கிறான்.

காகிதத்தை எரிக்கச் சொன்னது தப்பு. அது இருக்கட்டும்.

இங்கே வீட்டுக்குப் போட்டிருந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஜனவரிக் கடைசியில் மர்சேயிலிருந்து கப்பல். பம்பாய் வரைக்கும்தான். அங்கிருந்து ரயில். விழுப்புரத்தில் இறங்கி மாற வேண்டும். என்னை எதிர்கொண்டு அழைக்க நீ விழுப்புரம் வரக்கூடாது, எல்லை தாண்டினால் தொல்லை. வீட்டிலேயே இரு. நான் வந்து சேருகிறேன்.

சாமிக்கண்ணு